லெட்ரின் லோன் சாவித்திரி

யார் வீட்டுக்குள் நுழைந்தாலும் சாவித்திரி முதலில் ஒரு சொம்பு தண்ணீர் கேட்டு வாங்கிக் குடிப்பார். சொம்பைக் கீழே வைக்கும்போதே, "லெட்ரின் எந்தப் பக்கம்மா?" என்று கேட்டுவிடுவார். முதல் இரண்டு வீடுகளில் அது தந்திரம். ஐந்தாவது வீட்டில் உண்மையிலேயே அவசரம்.

ஆம்பூருக்கு வெளியே, ஏரிக்கரையை ஒட்டிய தெருவின் மகளிர் குழுத் தலைவி அவர். குழுவில் பத்துப் பெண்கள் ஒருவருக்கொருவர் ஜாமீன் நின்று, கடன் வாங்கி வீட்டுக்கு வீடு கழிவறை கட்டியிருக்கிறார்கள். கடன் கொடுத்த கம்பெனியின் அதிகாரி இளம்பரிதி, ஒவ்வொரு வீட்டுக்காரியையும் கதவுக்கு முன்னால் நிற்கவைத்துச் சிரிக்கச் சொல்லி போட்டோ எடுத்துக்கொண்டு போனார். சாவித்திரிக்குப் போட்டோவில் நம்பிக்கை கிடையாது. "போட்டோல எல்லாக் கதவும் நல்லாத்தான் கீது. உள்ள போய் குந்தினாதான் சங்கதி தெரியும்" என்பார்.

ஷூ கம்பெனியில் பதினெட்டு வருடம் செக்கர் வேலை பார்த்தவர். தையலில் ஒரு கண்ணி விட்டுப்போயிருந்தால் விரல் நுனியே கண்டுபிடித்துவிடும். அந்த விரல் இப்போது சோப்பைத் தடவிப் பார்க்கிறது, ஓரம் கரைந்திருக்கிறதா என்று. பாதம் தரையின் ஈரத்தைப் பார்க்கிறது. ஒரு வீட்டில் வாளிக்குள் நூலாம்படை. வெளியே வந்தவர், "உன் பக்கெட்ல சிலந்தி குடும்பம் நடத்துது. அதுக்கா மாசாமாசம் லோன் கட்ற?" என்று கேட்டார். அந்த வீட்டுக்காரி இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. ஆனால் மறுவாரம் வாளியில் தண்ணீர் இருந்தது.

முனவ்வர் பேகம் வீட்டுக் கழிவறையில் தரை பளபளக்கும். வாரத்தில் மூன்று நாள் சாவித்திரி அங்கேதான் போகிறார். "இன்னா அக்கா, செக்கிங்கா, அவசரமா?" என்று பேகம் கேட்பார். "ரெண்டும்தான். ஃபர்ஸ்ட் குவாலிட்டிய அப்பப்ப பாத்தாதான் மத்தத கழிச்சுக் கட்ட முடியும்" என்று பதில் வரும்.

இந்தப் புதன்கிழமை இளம்பரிதி மறுபடியும் வருகிறார், இந்த முறை உள்ளே போய்ப் பார்ப்பதற்கு. பத்தும் புழக்கத்தில் இருந்தால்தான் தெருவுக்கு அடுத்த கடன். அந்தக் கடனில் கழிவறை கட்டக் காத்திருப்பவர்களின் பட்டியலில் முதல் பெயர் அமிர்தவள்ளி. முட்டி வீங்கி, ஏரிக்கரைச் சரிவில் இரண்டு முறை விழுந்தவர். இருட்டிய பிறகு போகவேண்டி வந்துவிடுமோ என்று ராத்திரிச் சோற்றையே நிறுத்திவிட்டார்.

திங்கட்கிழமை பார்த்தால் முத்துமாரி வீட்டுக் கழிவறைக் கதவில் பூட்டு.

"சாவிய அவுரு எடுத்துக்கினு போய்ட்டாருக்கா."

"வரட்டும். நான் குந்திக்கினு இருக்கேன். இன்னொரு சொம்பு தண்ணி குடு."

இரண்டாவது சொம்பு காலியானதும் முத்துமாரியின் இடுப்பிலிருந்தே சாவி வந்தது. உள்ளே நான்கு மூட்டைகள், கூரை உயரத்துக்கு. ஷூவின் மேல்பாகத் தோல்கள். கம்பெனியிலிருந்து வாங்கி வந்து வீட்டிலேயே கையால் தைத்துக் கொடுப்பது முத்துமாரியின் பிழைப்பு.

"எலி கடிச்சா கூலில புடிச்சிக்கிறான்கா. கூரையும் ஒழுகுது. வூட்லயே கதவு, தாப்பா ஒழுங்கா இருக்கறது இது ஒண்ணுதான்."

சாவித்திரி ஒரு மூட்டையைப் பிரித்து ஒரு துண்டை எடுத்து, விரலை ஓட்டிப் பார்த்தார். "தையல் ஜோரா கீது. வச்ச எடந்தான் ரிஜெக்ட்டு."

நான்கு நடையில் நான்கு மூட்டைகளும் சாவித்திரியின் வீட்டுக்கு இடம் மாறின. டி.வி.க்கு எதிரே கணவர் சுந்தரமூர்த்தி படுக்கிற கட்டில்மேல் அவை ஏறி உட்கார்ந்தன.

"நான் எங்கடி படுக்கறது?"

"கீழ படுங்க. எலி வந்தா உங்களத் தாண்டித்தானே வரணும்."

செவ்வாய்க்கிழமை காலையில் போய்ப் பார்த்தபோது முத்துமாரி வீட்டுக் கழிவறைத் தரை காய்ந்து கிடந்தது. சோப்பு உறை பிரிக்காமல் இருந்தது. முத்துமாரி முந்தானையைத் திருகிக்கொண்டு நின்றாள்.

"இப்ப இன்னாடி? மூட்டையத்தான் எடுத்தாச்சே."

"தனியா உள்ள போய் குந்திக்கினா பேஜாரா கீதுக்கா. ஏரிக்கரைன்னா நாலு பேரு வருவாங்க. காலைலேர்ந்து குனிஞ்சி தெச்சிக்கினே கெடக்கறேன். யார்கிட்ட பேசறேன் சொல்லு? அங்க போனாத்தான் ஊரு சேதியே காதுல வுழுது."

பத்து வீட்டுக் கதவைத் திறந்து பார்த்த சாவித்திரிக்கு இப்படி ஒரு குறை இதுவரை சிக்கவில்லை. நாளைக்குப் புதன்கிழமை. வாளியை நிரப்பி உள்ளே வைத்தார். முத்துமாரியின் தோளைப் பிடித்து உள்ளே தள்ளிக் கதவைச் சாத்தினார்.

"தாப்பா போடு."

தாழ்ப்பாள் விழும் சத்தம் கேட்டது. அதன்பிறகு உள்ளே ஒரு அசைவும் இல்லை.

சாவித்திரி புடவையை ஒதுக்கிக்கொண்டு மண்ணிலேயே உட்கார்ந்தார். கதவில் முதுகைச் சாய்த்து, "ஏண்டி, பின்தெருவுல நிச்சயம் பண்ண கல்யாணம் நின்னு போச்சாமே, நெசமா?" என்று கேட்டார்.

உள்ளேயிருந்து, "அத ஏன்கா கேக்கற..." என்று முத்துமாரியின் குரல் மெல்லக் கிளம்பியது.

சாவித்திரி காலை நன்றாக நீட்டிப் போட்டுக்கொண்டு, காதைக் கதவோடு ஒட்டவைத்துக்கொண்டார்.