அட்டைப்பெட்டி மேடம்

தரையில் மல்லாந்து படுத்திருக்கிறாள். வீட்டுக்காரர் நாற்காலியை இழுத்துப் போட்டு "உட்காருங்க மேடம்" என்று சொல்லி வாய் மூடுவதற்குள் இவள் படுத்துவிட்டதால், நிற்பதா, தானும் பக்கத்தில் படுப்பதா என்று அவருக்குப் புரியவில்லை. தேநீர்த் தட்டோடு வந்த அவர் மனைவி அறை வாசலிலேயே நின்றுவிட்டார். இவள் எதையும் கண்டுகொள்ளாமல் கூரையைப் பார்த்தபடி கேட்கிறாள்: "ஃபேன் நேரா மூஞ்சிக்கு மேல இருக்கே, இங்க யாரு படுப்பாங்க?"

"பையன்."

"அவனுக்கு அடிக்கடி மூக்கடைக்குமா?"

"ஆமா மேடம்."

"அடைக்காம என்ன பண்ணும்?" என்று எழுந்து, துப்பட்டாவைத் தட்டிவிட்டுக்கொண்டு அடுத்த அறைக்குள் போய்விடுகிறாள். கொஞ்ச நேரத்தில் அங்கிருந்து ஏதோ ஒரு கட்டில் முனகும் சத்தம் கேட்கிறது.

இவள் என் நாத்தனார், என் கணவருக்கு ஒரே தங்கை. வீட்டின் உள்ளும் வெளியும் எது எங்கே இருக்க வேண்டும் என்று தீர்மானித்து, அமைத்துக் கொடுப்பது தொழில். வீட்டு அலங்காரம் என்று யாராவது சொல்லிவிட்டால் முகம் சிவந்துவிடும். "அலங்காரம் கல்யாணப் பொண்ணுக்கு அண்ணி. ஒரு நாள் கூத்து. வீட்ல தினமும் இருக்கணுமே!" ஐம்பதைத் தாண்டிவிட்டாள். என் கணவர் இன்னும் பாப்பா என்றுதான் கூப்பிடுகிறார். ஊரையே அதட்டும் இவள் அந்த ஒரு குரலுக்கு மட்டும் பெட்டிப்பாம்பாக அடங்குவாள்.

இவளிடம் வருகிறவர்கள் எல்லோரும் கைபேசி நிறையப் படங்களோடு வருகிறார்கள். வெள்ளை சோபா, கண்ணாடி மேஜை, மேஜைமேல் கிண்ணம், கிண்ணத்தில் எலுமிச்சம்பழங்கள். இவள் படத்தை விரலால் பெரிதாக்கி மூலை முடுக்கெல்லாம் தேடுவாள். "எல்லாம் சரி, சார்ஜர் எங்க? மாத்திரை டப்பா எங்க? இந்த வீட்ல ஒருத்தருக்கும் தலைவலியே வராதா?" வந்தவர்கள் சிரிப்பார்கள். பிறகு இவள் கேட்கிற கேள்விகளில் சிரிப்பு அடங்கிவிடும். ஈரத் துண்டை எங்கே போடுவீர்கள், கோபம் வந்தால் யார் எந்த அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வீர்கள், பக்கத்து வீட்டுக்காரர் வந்தால் எதை ஓடிப்போய் மறைப்பீர்கள் என்று குடைந்தெடுப்பாள். போலீஸ் விசாரணை எவ்வளவோ தேவலை.

ஒரு தம்பதியிடம் கோபத்தைப் பற்றிக் கேட்டபோது இருவரும் ஒரே நேரத்தில் "பால்கனி" என்றார்களாம். ஒருவரை ஒருவர் முறைத்துக்கொண்டார்களாம். இவள் அந்தப் பால்கனியில் இரண்டு நாற்காலிகளை முதுகோடு முதுகாகப் போட்டுக் கொடுத்துவிட்டு வந்தாள். இப்போதெல்லாம் சண்டை வந்தால் இருவருமே வெளியே வந்து ஆளுக்கொரு திசையைப் பார்த்து உட்கார்ந்துகொள்கிறார்கள். எப்படியும் யாராவது ஒருவர் முதலில் நாற்காலியைத் திருப்பிவிடுவதாகக் கேள்வி.

அட்டைப்பெட்டி மேடம் என்ற பட்டம் இவளிடம் வேலை செய்யும் கொத்தனார் சூட்டியது. குளிர்சாதனப் பெட்டிக் கடைகளில் காலிப் பெட்டிகளை வாங்கிக் காரில் அடைத்துக்கொண்டு வருவாள். சோபா வரப்போகும் இடத்தில் சோபா அளவுக்குப் பெட்டி, அலமாரி இடத்தில் அலமாரி உயரத்துக்குப் பெட்டி என்று அடுக்கி ஒட்டி, "ஒரு வாரம் இதோட குடும்பம் நடத்துங்க, அப்புறம் பேசலாம்" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவாள். அடுப்படிக்கு நடுவில் பெரிய மேடை வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்ற ஓர் அம்மா, அந்தப் பெட்டியில் இடுப்பை இடித்து இடித்து, கடைசியில் அவரே அதைத் தெருவுக்கு உதைத்துத் தள்ளினார். ஒரே ஒரு வீட்டைத் தவிர, பெட்டி வைத்துப் பார்க்காமல் இவள் எந்த வீட்டிலும் ஒரு செங்கல் வைத்ததில்லை.

எந்த இடத்திலும் இவளால் கையை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியாது. என் சமையலறையில் உப்பு டப்பாவின் இடத்தை மாற்றிவிட்டுப் போய்விடுவாள். நான் உப்பைத் தேடி அலைந்துவிட்டு இவளைத் திட்டிக்கொண்டே சமைப்பேன். என் கணவருக்குப் பக்கவாதம் வந்து மருத்துவமனையில் சேர்த்த அன்று, வெளியே காத்திருந்தவர்களின் நாற்காலிகளை நகர்த்திப் போட்டுக்கொண்டிருந்தாள். "உங்க வீடா இது?" என்று நர்ஸ் சத்தம் போட்டார். எனக்கும் எரிச்சல்தான் வந்தது. பிறகு இவள் முகத்தைப் பார்த்தேன். அழாமல் இருப்பதற்கு அவளுக்குத் தெரிந்த ஒரே வழி அதுதான். அன்றைக்குத்தான் இவளை எனக்கு உண்மையாகப் பிடித்துப்போனது.

என் கணவருக்கு மூக்குக் கண்ணாடிக் கடை. எங்கள் தெருவில் பாதிப் பேர் மூக்கில் இருப்பது அவர் மாட்டிவிட்டது. வலது கையும் வலது காலும் விழுந்து, பேச்சு மட்டும் பிழைத்து வீட்டுக்கு வந்தவர், படுக்கையறையை விட்டு வெளியே வர மறுத்துவிட்டார். வந்தால் யாராவது பார்ப்பார்கள், பார்த்தால் "இப்ப எப்படி இருக்கு சார்?" என்பார்கள். அதற்குப் பதில் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. கைத்தடி வாங்கிக் கொடுத்தால் அது கதவுக்குப் பின்னால் போய்விடும். "நடக்கணும். இப்ப நடக்காம விட்டா அப்புறம் நடக்கவே முடியாது" என்று டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார். நான் கெஞ்சினேன், கோபித்துக்கொண்டேன், பட்டினி கூடக் கிடந்து பார்த்தேன். அவர் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

"அண்ணன வெளிய கொண்டுவர்றது என் பொறுப்பு அண்ணி" என்றாள் இவள்.

எங்கள் வீட்டுக்குப் பின்னால் மதில் சூழ்ந்த ஒரு முற்றம் இருக்கிறது. படுக்கையறையிலிருந்து அதற்கு ஒரு கதவு, சமையலறையிலிருந்து இன்னொரு கதவு. பழைய துணி துவைக்கும் இயந்திரம், காது போன வாளிகள், பெயின்ட் டப்பாக்கள் என்று தட்டுமுட்டுச் சாமான்களின் குடியிருப்பு அது. இவள் வந்து எல்லாவற்றையும் அள்ளி எறிந்தாள். வழக்கம்போல் அண்ணன் கட்டிலில் போய்ப் படுத்துப் பார்த்தாள். தன் வலது கையைத் துண்டால் உடம்போடு சேர்த்துக் கட்டிக்கொண்டு, காலை இழுத்து இழுத்து முற்றத்தின் கோடி வரை நடந்தாள். அங்கே கைபேசி அடித்தது. துண்டை அவிழ்த்துவிட்டு, பேசிக்கொண்டே திரும்பி வந்தாள்.

வேலை மளமளவென்று நடந்தது. படுக்கையறைக் கதவை ஒட்டிய இடப்பக்க மதில் நெடுக, இடுப்பளவு உயரத்தில் கல் திண்டு ஒன்று கட்டி, அதன்மேல் உள்தள்ளிப் பூந்தொட்டிகள். இடது கையால் திண்டின் விளிம்பைப் பிடித்துக்கொண்டே போகலாம், ஆனால் பிடிப்பதற்காகக் கட்டியது என்று யாரும் சொல்ல முடியாது. கோடியில் கொடி படர்ந்த பந்தலும் ஒரு மரப் பெஞ்சும். எதிர்ப்பக்க மதிலில் மெல்லிசாகத் தண்ணீர் வழிந்து இறங்கும் நீண்ட கல்தொட்டி. அந்தத் தொட்டிக்காக இவள் கல்லைக் கல்லாகத் தேடிப் பொறுக்கினாள். அவ்வளவு அழகான இடத்தை நான் எந்தப் படத்திலும் பார்த்ததில்லை.

"பெட்டி வெச்சுப் பாக்கலியா மேடம்?" என்று கொத்தனார் கேட்டதற்கு, "என் அண்ணன் வீடுய்யா. எனக்குத் தெரியாதா?" என்றாள்.

தங்கை கட்டிய இடமாயிற்றே என்று என் கணவர் வந்தார். திண்டைப் பிடித்துக்கொண்டு, தானாகவே, கோடி வரை நடந்து பெஞ்சில் உட்கார்ந்தார். நாங்கள் இருவரும் சின்னப் பிள்ளைகள் மாதிரி கைதட்டினோம். அவர் நிம்மதியாக இருக்கட்டும் என்று உள்ளே வந்தோம். திரும்பி வர அவர் எழுந்தபோதுதான் விஷயம் விளங்கியிருக்கிறது. போகும்போது இடப்பக்கம் இருந்த திண்டு, வரும்போது வலப்பக்கம். செத்த கை இருக்கும் பக்கம். நல்ல கைக்குப் பிடிக்க ஒன்றும் இல்லை. எங்களைக் கூப்பிடவும் மனம் வராமல், வெயில் முகத்தில் அறைய, நின்றது நின்றபடி நின்றிருக்கிறார். பக்கத்து மாடி வீட்டு அம்மா பார்த்துவிட்டு, "ஐயோ, சார் விழப் போறார், யாராவது வாங்களேன்!" என்று அலறினார். வரிசையாகப் பால்கனிகளில் தலைகள் முளைத்தன. இரண்டு பேர் வந்து அவரைத் தூக்கிக்கொண்டு போய்ப் படுக்கையில் போட்டார்கள்.

"போதும் பாப்பா. இனிமே என்னைக் கூப்பிடாத" என்றார். அவர் குரலில் கோபம்கூட இல்லை.

அன்று சாயங்காலம் இவள் மறுபடியும் கையைத் துண்டால் கட்டிக்கொண்டு கோடி வரை போனாள். இந்தத் தடவை கைபேசி உள்ளே கிடந்தது. திரும்பி இரண்டடி வைத்துவிட்டு அங்கேயே நின்றாள். நான் ஓடிப்போய்த் தோளைப் பிடித்தேன்.

"போற வழியத்தான் பாத்தேன் அண்ணி. வர்ற வழியப் பாக்கவே இல்ல."

சமாதானமாக ஏதாவது சொல்லலாம் என்று வாயெடுத்தேன். அவள் வேண்டாம் என்று தலையை ஆட்டினாள்.

மறுநாள் முற்றம் முழுக்க அட்டைப்பெட்டிகள் நின்றன. "எதுக்கு மேடம் இவ்வளவு பாடு? நடுவுல ரெண்டு பக்கமும் இரும்புக் குழாய் போட்டா முடிஞ்சுது" என்றார் கொத்தனார். "ஆஸ்பத்திரிலேர்ந்து இப்பத்தான் வந்திருக்காரு. வீட்டுக்குள்ள இன்னொரு ஆஸ்பத்திரி கட்டச் சொல்றியா?" என்று இவள் பொரிந்தாள். துண்டைக் கட்டிக்கொண்டு பெட்டிகளைத் தொட்டுத் தொட்டு நடந்தாள், நகர்த்தினாள், மறுபடி நடந்தாள். சாப்பிடக் கூப்பிட்டால் காதில் விழவில்லை. கடைசியில் அவள் கண்டுபிடித்தது இதுதான்: வந்த வழியே திரும்பவே வேண்டாம். படுக்கையறைக் கதவில் புறப்பட்டு, மதிலை ஒட்டியே மூன்று பக்கமும் சுற்றினால், நல்ல கைப்பக்கம் எப்போதும் மதில்தான் இருக்கும். சுற்றி முடிக்கும் இடம் சமையலறைக் கதவு.

குறுக்கே நின்றது அந்தக் கல்தொட்டி. "இடி" என்றாள்.

கொத்தனார் கடப்பாரையைக் கீழே வைத்துவிட்டார். "மேடம், நீங்க செஞ்சதுலயே இதுதான் ஒசத்தி. மனசு வரலியே."

"இத வேற யாராவது செஞ்சு வெச்சிருந்தா என்ன பேச்சு பேசியிருப்பேன்னு உனக்குத் தெரியும்ல? இடிய்யா."

தொட்டி போன இடத்தில் திண்டு வந்தது. பெஞ்சு மதிலை விட்டு உள்ளே தள்ளி வந்தது. மாடி வீட்டுப் பக்கம் பந்தலோடு ஒரு மூங்கில் தட்டி இறங்கியது. எல்லாம் முடிந்ததும் படுக்கையறைக் கதவைத் திறந்து வைத்துவிட்டு, எனக்கு உத்தரவு போட்டாள். "யாரும் கூப்பிடக் கூடாது. எட்டிப் பாக்கக் கூடாது. கைதட்டவே கூடாது அண்ணி, சொல்லிட்டேன்."

பல நாள் ஒன்றும் நடக்கவில்லை. திறந்த கதவு வழியாக ஈக்கள்தான் வந்தன. நான் நம்பிக்கை இழந்துகொண்டிருந்தேன், அதை அவளிடமே சொல்லியும் விட்டேன். அவள் தினமும் வந்து, என்னோடு சமையலறை மேஜையில் உட்கார்ந்து காய் நறுக்கிக் கொடுத்துவிட்டுப் போவாள். முற்றத்துக் கதவுக்கு முதுகு காட்டித்தான் உட்காருவாள்.

அப்படி ஒரு மத்தியானம், பின்னாலிருந்து கால் தேய்கிற சத்தம் கேட்டது. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எழுந்தேன். அவள் என் முந்தானையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தாள். சத்தம் மெல்ல மெல்லப் போய்க் கோடியில் நின்றது. நின்றது நின்றதுதான்.

"விழுந்துட்டாரோ?"

"சும்மா இருங்க அண்ணி." அவள் உதடு வெளுத்திருந்தது.

ஒரு பூந்தொட்டி லேசாக இடிபட்டது. பிறகு கால் மறுபடி தேய்ந்தது, இப்போது வலப்பக்க மதில் ஓரமாக, எங்களை நோக்கி. சமையலறைக்குள் விழுந்திருந்த வெளிச்சம் கொஞ்சம் மங்கியது. மூச்சு வாங்க, வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு, "எனக்கும் ஒரு டீ கிடைக்குமா?" என்று என் கணவர் கேட்டார்.

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. குனிந்த தலை நிமிராமல் பீன்ஸை நறுக்கிக்கொண்டே, பக்கத்திலிருந்த நாற்காலியைக் காலால் அவர் பக்கம் நகர்த்தினாள். கத்தி ஓடிக்கொண்டிருந்தது, மேஜைக்கு அடியில் இடது கை மட்டும் என் முந்தானையைப் பிடித்த பிடி விடவில்லை.