தேவராஜ் அண்ணன் ரிஜெக்ட் செய்த படம்

தேவராஜ் அண்ணன் போய்விட்டார். காலையில் குடியாத்தத்திலிருந்து அவர் மகன் போன் செய்து சொன்னான்.

தூக்கத்திலேயே போயிருக்கிறார்... அந்த ஒன்றில்தான் கொஞ்சம் ஆறுதல்.

இதைப் படிக்கிற பலருக்கு அவரைத் தெரியாது. எண்பதுகளில் ஆம்பூரில் ஒரு தோல் கம்பெனியில் நான் டைப்பிஸ்ட், அவர் அசார்ட்டர். பதப்படுத்திய தோலை ஒவ்வொன்றாக ஜன்னல் வெளிச்சத்தில் புரட்டிப் பார்த்து ஃபர்ஸ்ட், செகண்ட், ரிஜெக்ட் என்று பிரிக்கிற வேலை.

அது வேலை. அவருடைய சந்தோஷம் வேறு. ஒரு டப்பா கேமரா. கழுத்தில் மாட்டி, வயிற்றோடு அணைத்துப் பிடித்து, மேலே இருக்கிற கண்ணாடியில் தலையைக் குனிந்து பார்த்து எடுப்பார்.

ஞாயிற்றுக்கிழமை வந்தால் சைக்கிளில் கிளம்பிவிடுவார். பாலாற்று மணல், வாணியம்பாடி ரோட்டுப் புளியமரங்கள், அமிர்தி அருவி, மழை விட்ட வேலூர் பஸ் ஸ்டாண்டு...

ஃபிலிம் கழுவி வந்த அன்றைக்கு அவர் முகத்தைப் பார்க்க வேண்டும். சாப்பாட்டு நேரத்தில் தோல் புரட்டுகிற அதே மேஜையில் படங்களைப் பரப்பி, அதே மாதிரி தரம் பிரிப்பார்.

"மலை ஃபர்ஸ்ட். கோட்டை அகழி செகண்ட்... ஓரத்துல உண்ணி கடிச்சிருக்குது பாரும்மா."

படத்தில் தூசி விழுந்து புள்ளி புள்ளியாக இருப்பதைத்தான் அப்படிச் சொல்வார். தோலில் உண்ணி கடித்த தழும்பைப் பார்த்துப் பார்த்துப் பழகிய கண் அது.

ஆட்களை மட்டும் எடுக்கவே மாட்டார். கூட வேலை பார்த்த அன்வர் பாய் சும்மா விடமாட்டார். "இன்னா தோஸ்த், மூஞ்சி இல்லாத போட்டோவ எவன் பார்ப்பான்?"

"மூஞ்சி எடுக்க ஸ்டுடியோ இருக்குது பாய். மலைய எடுக்க யார் இருக்கா?"

எங்கள் கேஷியர் கல்யாணத்துக்கு ஒரு தடவை கேமராவோடு வந்தார். கேஷியருக்கு ஏகப்பட்ட சந்தோஷம். ஒரு வாரம் கழித்துப் படங்கள் வந்தன... வாசல் பந்தல், சமையல் அடுப்புப் புகை, ஈரத் தெருவில் சீரியல் லைட்.

"பொண்ணு மாப்பிள்ள எங்கணா?" என்று கேட்டேன்.

"அவங்க உள்ள இருந்தாங்கம்மா. வெளிய லைட்டு அவ்ளோ நல்லா இருந்திச்சி."

கேஷியர் அப்புறம் ஒரு மாதம் அவரோடு பேசவில்லை.

என் அம்மாவுக்கும் அவரைத் தெரியும். அம்மா ஆற்றுக்கு அந்தப் பக்கத்துத் தோட்டங்களில் கீரை வாங்கி, கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு, மணலில் நடந்தே ஆம்பூர் மார்க்கெட்டுக்கு வருவார். அண்ணன் கேமராவும் கையுமாக, வெளிச்சத்துக்காக அந்த மணலில் காத்து நின்றுகொண்டிருப்பார்.

"இன்னா தம்பி, வெயிலு இன்னும் வர்லியா?" என்று கேட்டுவிட்டுத்தான் அம்மா தாண்டிப் போவார். வீட்டுக்கு வந்து, "உங்க ஆபீஸ் பையன் இன்னிக்கும் ஆத்துல சும்மா நின்னுனு இருந்தான்" என்று என்னிடம் சொல்லிச் சிரிப்பார்.

அந்த அம்மா ஒரு காய்ச்சலில் போய்விட்டார். நாலு நாள் கூடப் படுக்கவில்லை.

காரியத்துக்குப் படம் வைக்க வேண்டும் என்றார்கள். வீட்டில் அம்மா படம் ஒன்று கூட இல்லை. ஸ்டுடியோவுக்குக் கூப்பிட்ட போதெல்லாம் "அடுத்த வாரம் போலாம்" என்பார்... அந்த வாரம் வரவே இல்லை.

எனக்குப் பயம் வந்துவிட்டது. கண்ணை மூடினால் அம்மா முகம் அதற்குள்ளேயே கலைகிற மாதிரி இருந்தது. யாரிடமும் சொல்லவில்லை. துக்கம் கேட்க வந்த அண்ணனிடம் மட்டும் சொல்லி அழுதேன்.

அவர் உடனே எழுந்து போனார். காரியத்துக்கு முந்தின நாள் ஒரு கவரோடு வந்தார். உள்ளே ஒரு பெரிய படம், ஒரு சின்னப் படம்.

பாலாறு. தூரத்தில் மலை. மணலில் கூடையோடு நடந்து வருகிற ஒரு பொம்பளை...

"மூஞ்சி சரியா தெரியாதும்மா," என்றார். "ரிஜெக்ட்ல கெடந்திச்சி. தேடி எடுத்து பெருசு பண்ணேன்."

அவர் மலையை அம்மா கெடுத்துவிட்டார் போல என்று நினைத்தேன். "அம்மா குறுக்க வந்துட்டாங்களாணா?" என்று கேட்டேன்.

"அய்யய்ய... அவங்க வந்தது நல்லாத்தான் இருந்திச்சி. என் நிழல் விழுந்துடுச்சி. அதான் ரிஜெக்ட் பண்ணேன். பெரிய படத்துல நிழல வெட்டிட்டேன்."

அப்பா படத்தை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். முகம் இருந்த இடத்தில் வெறும் புள்ளிகள்தான். ஆனால் ஒரு கை கூடையைப் பிடித்திருக்க, இன்னொரு கை வீசி நடக்கிற அந்த நடை...

"அவதான்," என்றார் அப்பா.

அந்தப் பெரிய படம் இன்றைக்கும் எங்கள் வீட்டுச் சுவரில் இருக்கிறது.

இன்று மதியம் அண்ணன் மகன் மறுபடி போன் செய்தான். "அத்த, அப்பாவோட சின்ன வயசு போட்டோ எதுனா உங்ககிட்ட இருக்குதா? எங்ககிட்ட ஒண்ணும் இல்ல. போஸ்டருக்கு ஆதார் கார்டுல இருக்கிறதத்தான் போட்டோம்."

ஆதார் கார்டு படம். அண்ணன் பார்த்திருந்தால் மேஜை வரைக்கும் கூடக் கொண்டுபோக விட்டிருக்க மாட்டார்.

பீரோவைக் குடைந்து அந்தச் சின்னப் படத்தைத் தேடி எடுத்தேன். வெட்டாத படம்.

மேலே மலை. நடுவில் அம்மா. கீழே மணலில் நீளமாக ஒரு நிழல்... ரெண்டு முழங்கையும் வெளியே தள்ளி, தலை குனிந்து, வயிற்றில் எதையோ பத்திரமாக அணைத்துப் பிடித்தபடி.

போனில் படம் பிடித்து அவனுக்கு அனுப்பினேன். நிழலைப் பார் என்று மட்டும் எழுதினேன்.

அப்புறம் ஒரு வரி வந்தது.

"அப்பாதான் அத்த."

கீழே போட்டிருப்பது அந்தப் படம்தான். நீங்கள் ரிஜெக்ட் செய்ததை ஊருக்கே காட்டுகிறேன்... கோபித்துக்கொள்ளாதீர்கள் அண்ணா.

போயிட்டு வாங்க. எங்க அம்மாவப் பார்த்தா, வெயிலு வந்துடுச்சின்னு சொல்லுங்க.