கோசோங் எழுத வேண்டாம்

அன்று பெரட்டுக் களத்தில் இருந்தவர்கள்: கோலாலம்பூர் அலுவலகத்திலிருந்து பணப்பெட்டியோடு வந்த அதிகாரி, தோட்டத்துக் கிராணி, தொழிற்சங்கத்து ஆள், வரிசையில் நின்ற தொழிலாளர்கள் இருநூற்று மூன்று பேர், வர முடியாத எட்டுப் பேருக்காக வந்த உறவுக்காரர்கள் எட்டுப் பேர், எல்லாருக்கும் பின்னால் என் அண்ணி, அவர் பக்கத்தில் நான். கிராணி தினமும் காலையில் ஆள் எண்ணிய இடத்தில் நானும் அன்று எண்ணினேன். எண்ணிப் பார்க்காமல் எதையும் விட முடியாத சுபாவம் எனக்கு. அடுப்பை அணைத்தேனா என்று பாதி வழியிலிருந்து திரும்பி வருகிறவள் நான்.

எண்பதுகளின் தொடக்கம். பீடோருக்கு உள்ளே இருந்த எங்கள் தோட்டம் கைமாறி, ரப்பர் மரங்களைச் சாய்த்துக்கொண்டிருந்தார்கள். மாதக் கடைசிக்குள் லயத்து வீடுகளைக் காலி செய்ய வேண்டும். நட்டஈடாக, வேலை செய்த ஒவ்வொரு வருடத்துக்கும் அறுபது வெள்ளி, அதற்கு மேல் கடைசி வருடத்தில் வேலைக்கு வந்த நாள்களுக்குக் கொஞ்சம் என்று கணக்கு.

அண்ணி அந்தக் கடைசி வருடத்தில் ஒரு நாள்கூட வேலைக்கு வரவில்லை. அண்ணன் இறந்தபின் அவர் யாரோடும் பேசாமல், சாப்பிடாமல் கிடந்தார். தஞ்சோங் ரம்புத்தான் மனநல மருத்துவமனையில் சேர்த்தோம். கிராணி பெயரை அடித்துவிட்டார். சங்கத்து ஆள் சண்டை போட்டபின் மறுபடி எழுதினார், பட்டியலின் அடியில். இருநூற்றுப் பன்னிரண்டாம் எண். பெயர் இருந்தால் போதும், பதினான்கு வருடத்துக்கு எண்ணூற்று நாற்பது வெள்ளி உறுதி. அதை நம்பித்தான் ஈப்போவில், புந்தோங் பக்கம், ஓர் அறைக்கு முன்பணம் பேசி வைத்திருந்தோம். குணமாகி வந்தவருக்குப் போக வேறு வீடு இல்லை.

இருநூற்றுப் பதினோராவது ஆள் பணம் வாங்கிக் கைநாட்டு வைத்ததும் அதிகாரி பெட்டியைச் சாத்தினார்.

"ஐயா, இன்னும் ஒரு ஆளு இருக்கு" என்றார் சங்கத்து ஆள்.

"லிஸ்டுல இல்லயே. கம்ப்யூட்டர் போட்டது இவ்வளவுதான்."

"கம்ப்யூட்டரு என்னா, தோட்டத்துக்கு வந்து ஆள் எண்ணுச்சா?"

வரிசையில் யாரோ சிரித்தார்கள். அண்ணி சிரிக்கவில்லை. என்னைப் பார்த்து, "நீதான புள்ள அந்த மெஷின்ல வேல செய்யிற, என்னா ஏதுன்னு கேளு லா" என்றார். யாரைக் கேட்க வேண்டுமோ அந்த ஆள் நான்தான் என்பது அந்தக் கணமே எனக்குத் தெரிந்துவிட்டது.

நான் படிவம் இரண்டோடு பள்ளியை விட்டவள். தட்டச்சு கற்றுக்கொண்டு ஈப்போவில் ஒரு தவுக்கேயின், சீன முதலாளியின், கணினி அலுவலகத்தில் எண்களை உள்ளே தட்டும் வேலையில் சேர்ந்தேன். எங்கள் தோட்டத்து வருகைத் தாள்களும் அங்கேதான் வந்தன. ஆளுக்கு ஒரு வரி, நாளுக்கு ஒரு கட்டம். முழு நாள் என்றால் ஒன்று, அரை நாள் என்றால் அரை. அங்கிருந்த புள்ளிவிவர புரோகிராமில் அதை அட்டவணையாக ஏற்றி, பின் கோப்பாக எழுதி டிஸ்கில் கோலாலம்பூருக்கு அனுப்ப வேண்டும். மரம் சாய்ந்த தோட்டத்தில் வேலை ஏது? எழுபத்தேழாயிரத்துக்கும் மேற்பட்ட கட்டங்களில் எட்டில் ஒன்றுகூட நிரம்பவில்லை. முழுசாக எழுதினால் டிஸ்க் கொள்ளவில்லை.

புரோகிராம் எழுதும் சீன இளைஞர் எட்டிப் பார்த்தார். "யாங் கோசோங் தா பாயா தூலிஸ் லா" என்றார். கோசோங்கை எழுத வேண்டாம். நிரம்பிய கட்டத்துக்கு மட்டும் மூன்று எண்கள்: எத்தனையாவது ஆள், எத்தனையாவது நாள், எவ்வளவு வேலை. மேலே முதல் வரியில் மொத்தம் எத்தனை ஆள், எத்தனை நாள், எத்தனை பதிவு. அதை வைத்து அங்கே திரும்ப அட்டவணையைக் கட்டிக்கொள்வார்கள்.

மலாயில் பூஜ்யமும் கோசோங்தான், ஆள் இல்லாத வீடும் கோசோங்தான், சீனி போடாத தேத்தண்ணியும் கோசோங்தான். ஒரே சொல்லுக்குள் எத்தனை விதமான இல்லாமை என்று நான் அன்று யோசிக்கவில்லை.

முதல் டிஸ்க் போன மறுநாள் கோலாலம்பூரிலிருந்து போன்.

"யம்மா, ஒங்க தோட்டத்துல இருநூத்திப் பன்னண்டாம் நம்பரு கடைசி நாள்ல மட்டும் ஒம்பதாயிரத்து அறுநூத்திப் பதினொரு நாள் வேல செஞ்சிருக்கு. ஆளா, புல்டோசரா?"

முதல் வரியையும் அவர்களுடைய எந்திரம் ஓர் ஆளின் வேலையாகவே படித்துவிட்டது. இருநூற்றுப் பன்னிரண்டு, முந்நூற்று அறுபத்தைந்து, ஒன்பதாயிரத்து அறுநூற்றுப் பதினொன்று. அலுவலகமே சிரித்தது. அது யாருடைய எண் என்று தெரிந்திருந்தும் நானும் சிரித்தேன். "அந்த வரிய எடுத்துட்டு அனுப்பு லா" என்றது போன். எடுத்தேன். வேலை போய்விடும் என்ற பயத்தில் கூட்டுத்தொகையை மூன்று முறை சரிபார்த்தேன். தாளிலும் கோப்பிலும் ஒன்பதாயிரத்து நானூற்றுப் பதினெட்டரை நாள். மூன்று முறையும் சரி. ஒரு நாள்கூட வராத ஆளைக் கூட்டினாலும் விட்டாலும் தொகை மாறாது என்பது என் புத்திக்கு எட்டவில்லை.

அண்ணியைப் போலவே வராதவர்கள் நடுவில் சிலர் இருந்தார்கள். அவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. நாற்பதாம் ஆளுக்கு அடுத்து நாற்பத்திரண்டு வந்தால், இடையில் ஒருவர் இருக்கிறார் என்று எந்திரம் இடம் விட்டுக்கொள்ளும். அண்ணிக்குப் பின்னால் யாரும் இல்லை; மொத்தம் இருநூற்றுப் பன்னிரண்டு பேர் என்று சொன்ன முதல் வரியையும் நான்தான் எடுத்திருந்தேன். இருநூற்றுப் பதினொன்றோடு அட்டவணை முடிந்தது, பெயர் அச்சிடுவதும் அங்கேயே நின்றுவிட்டது.

இதைப் பெரட்டுக் களத்தில் சொல்லியிருந்தால் அன்றே தீர்ந்திருக்கலாம். நீக்கிய அந்த வரியை என் நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைத்திருந்தேன்; நோட்டு அன்று என் பையிலேயே இருந்தது. சங்கத்து ஆள் என்னிடம் நேராகக் கேட்டார்: "தங்கச்சி, இது எப்படி ஆச்சு? ஒனக்குத் தெரியுமா?"

"தெரியலண்ணே. மெஷின் கோளாறா இருக்கும்" என்றேன்.

சர்டிபிகேட் இல்லாதவளுக்கு இந்த வேலை போனால் வேறு வேலை கிடைக்காது என்று மனசு கணக்குப் போட்டுவிட்டது. சங்கத்து ஆள் இரண்டு கடிதம் எழுதினார். நிரப்பித் தர ஒரு பாரம் அனுப்புகிறோம் என்று பதில் வந்தது, அந்தப் படிவம் வரவில்லை. புந்தோங் அறை வேறு ஆளுக்குப் போனது. லயத்தைக் காலி செய்த அன்று அண்ணி ஒரு தகரப் பெட்டியோடு பாரிட் புந்தாரில் இருந்த தன் தங்கை வீட்டுக்குப் போனார். அங்கே அவருக்குச் சமையல்கட்டில் பாய் விரிக்க இடம் கொடுத்தார்கள்.

மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறிப் போவேன். என் சம்பளத்தில் இருபத்தைந்து வெள்ளியைப் பழுப்பு உறையில் போட்டு, மேலே தொகையை எழுதி, "கம்பெனி தவணையா குடுக்குது அண்ணி" என்று கொடுப்பேன். அவர் எண்ணிப் பார்க்காமல் இடுப்பில் செருகிக்கொள்வார். பதினோராவது உறையை மட்டும் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார்.

"கம்பெனிக்காரன் எழுத்து ஒன் எழுத்து மாரியே இருக்கு லா புள்ள. சைபருக்குக் குறுக்க கோடு போடுறான் பாரு."

எண் தட்டுகிறவர்கள் பூஜ்யத்தை அப்படித்தான் எழுதுவோம், ஆங்கில ஓ எழுத்தோடு குழம்பாமல் இருக்க. அண்ணி அதற்கு மேல் கேட்காமல் தேத்தண்ணி போட எழுந்து போனார். சீனி தீர்ந்துவிட்டது என்று கோசோங்காகவே கொண்டுவந்து வைத்தார்.

பன்னிரண்டாவது உறையில் தொகையை எழுதி வைத்திருந்தபோது, அண்ணி போய்விட்டார் என்று தந்தி வந்தது.

எண்ணூற்று நாற்பதில் பதினோரு இருபத்தைந்து இருநூற்று எழுபத்தைந்து போயிற்று. இதையும் மூன்று முறை சரிபார்த்துவிட்டேன். பாக்கி ஐந்நூற்று அறுபத்தைந்து வெள்ளி.