ஐஸ் பெட்டியில் மான் புழுக்கை

ஐந்தாம் வகுப்பு முடித்த கோடை விடுமுறை முழுவதையும் நான் ஒரு மானின் பின்புறத்தைப் பார்த்தே கழித்தேன். காரணம் என் சித்தி.

சித்தி கால்நடை மருத்துவர். பரளச்சிப் பக்கம் கிணறுகளில் விழுந்து மீட்கப்பட்ட புள்ளிமான்களை ஒரு வேலிக்குள் வைத்துப் பராமரித்தார்கள். எந்த மான் சினையாக இருக்கிறது என்று அதைத் தொடாமலேயே கண்டுபிடிப்பதுதான் சித்தியின் ஆராய்ச்சி. சினை மானை முன்கூட்டியே பிரிக்காவிட்டால் கொம்பு மான்களின் சண்டையில் குட்டி மிதிபட்டுவிடும். முந்தின வருடம் ஒன்று அப்படிச் செத்திருந்தது.

"ஊசி போட்டு ரத்தம் எடுத்தா சட்டுனு முடிஞ்சிரும்ல சித்தி?" என்று கேட்டேன்.

"புடிக்கப் போனாலே மெரண்டு வேலியில முட்டிச் செத்துரும்டி. உடம்புல ஊறுற ஹார்மோன் புழுக்கையிலயும் வரும். அத எடுத்து லேபுக்கு அனுப்புனாப் போதும்."

போதும்தான். மான் மனது வைக்க வேண்டுமே. இன்ன மான் போட்டது என்று கண்ணால் பார்த்து, சூடு ஆறுமுன் எடுக்க வேண்டும். காது கிழிந்த ஒரு மான் என் பொறுப்பு. மற்றவையெல்லாம் போகிற போக்கில் தாராளமாகப் போட்டுவிட்டுப் போகும். என்னுடையது வேப்பமரத்தடியில் நின்று அசைபோட்டபடி என்னையே பார்க்கும். வெயில் உச்சிக்கு வந்துவிடும். நான் தண்ணீர் குடிக்கத் திரும்பும் நேரத்தில் காரியத்தை முடித்துவிட்டுக் கூட்டத்தில் கலந்துவிடும். எதிரில் கிடப்பது யாருடையது என்று சத்தியமாகத் தெரியாது. மறுநாள் மறுபடியும் முதலிலிருந்து.

எடுத்ததை உறைய வைக்க வேண்டும். பந்தல்குடியில் தூத்துக்குடி ரோட்டோரம் எங்கள் கூல்டிரிங்ஸ் கடை, பின்கட்டு வீடு. கடையின் ஐஸ் பெட்டியில், குச்சி ஐசுக்கு அடியில், மான் புழுக்கைப் பொட்டலங்கள் சேர்ந்துகொண்டே போயின. அம்மாவுக்குத் தலையிலடித்துக்கொள்ளவே நேரம் போதவில்லை.

"லாரிக்காரவுக கையில இது அம்புட்டுச்சுன்னா அப்புறம் எவன் நம்மகிட்ட ஐஸ் வாங்குவான்?" என்பாள். அப்பா அந்தப் பேச்சு வரும்போதெல்லாம் சோடா இறக்கப் போய்விடுவார்.

ஒருநாள் காலையில் போன கரண்ட் மதியம் தாண்டியும் வரவில்லை. உருகுவதற்குள் ஐஸை விற்றுவிட வேண்டும் என்று அம்மா வந்தாள். சித்தி பெட்டியின் மேல் ஏறி உட்கார்ந்திருந்தாள்.

"எந்திரிடி. எல்லாம் தண்ணியாப் போகுது."

"தொறந்தா குளிரு போயிரும்க்கா. இத்தன நாள் எடுத்ததெல்லாம் வீணாயிரும்."

"ஊர்ல இருக்க மானுக்கெல்லாம் வயித்துல புள்ள இருக்கான்னு பாக்குற. ஒனக்கு..."

அம்மா அத்தோடு நிறுத்திக்கொண்டாள். சித்தி இறங்கி, மூடியைத் தானே திறந்துவிட்டு, "வித்துக்கோக்கா" என்றாள்.

அம்மா அந்த மூடியை அறைந்து சாத்தினாள். பிறகு அவளே அதன்மேல் உட்கார்ந்துகொண்டாள். ஐஸ் கேட்டு வந்தவர்களையெல்லாம் "இல்ல, போங்க" என்று விரட்டினாள். எனக்கு ஒன்று கேட்டபோது முதுகில் ஓர் அடி விழுந்தது. சாயங்காலம் கரண்ட் வந்தது. குச்சி ஐஸெல்லாம் குழைந்து போயிருந்தன. அடியில் இருந்த பொட்டலங்கள் மட்டும் உறைந்தபடியே இருந்தன. ஐஸைக் கொட்டிவிட்டுப் புழுக்கையைக் காப்பாற்றும் குடும்பத்தில் பிறந்துவிட்டேனே என்று நொந்துகொண்டேன்.

பள்ளிக்கூடம் திறந்த பிறகு முடிவு வந்தது. காது கிழிந்த மான் சினையாக இருந்தது. அதைத் தனி வேலிக்கு மாற்றினார்கள். குட்டி பிறந்த சேதி வந்ததும் அம்மா கடையை அப்பாவிடம் விட்டுவிட்டு எங்களோடு பஸ் ஏறினாள்.

குட்டி கால்கள் நடுங்க எழுந்து, தாயின் மடியைத் தேடி முட்டியது. அம்மா சித்தியின் கையைப் பிடித்துக்கொண்டாள். திரும்பிப் பார்த்தால் இரண்டு பேரும் அழுதுகொண்டிருக்கிறார்கள். எனக்கு எரிச்சல் எரிச்சலாக வந்தது. வெயிலில் காய்ந்தது நான். ஐஸ் கிடைக்காதது எனக்கு. இவர்கள் எதற்கு அழுகிறார்கள்?

சித்திக்குக் கல்யாணமாகிப் பல வருடங்கள் ஆகியிருந்தன. அவளுக்குப் பிள்ளை இல்லாதது எனக்கு அப்போது வசதியாகத்தான் இருந்தது. வாங்கி வருவதெல்லாம் எனக்கே கிடைத்தது.