ஒத்த விதை

உடம்புச் சூடு என்றுதான் நினைத்தேன். வலதுபக்க விதை கல்லு மாதிரி இறுகிக் கிடக்க, நான் பாட்டுக்குத் தொப்புளில் விளக்கெண்ணெய் வைத்துக்கொண்டு மல்லாந்து படுத்தேன். நாற்பதைத் தாண்டிய திராட்சைத் தோட்டக்காரன். கூடலூரிலிருந்து தோட்டத்துக்கு மொபெட்டில் குலுங்கிக் குலுங்கிப் போகிறவன். சூடு பிடிக்காமல் என்ன செய்யும்? வலி துளிகூட இல்லை. வலிக்காதது நோயே இல்லை என்பது என் வைத்திய சாஸ்திரம்.

இளநீரும் மோருமாகக் குடித்ததில் சளி பிடித்தது. கல் மட்டும் வளர்ந்தது. குளிக்கும்போது கை அங்கே போகாமல் பார்த்துக்கொண்டேன். போனால், முன்னைவிடப் பெரிதாக இருக்கும்.

நான் காலை அகட்டி நடப்பதைப் பார்த்து மனைவி கண்டுபிடித்தாள். நேரம் சரியில்லை என்று முதலில் குச்சனூர் சனீஸ்வரன் கோயிலுக்கு இழுத்துப் போனாள். எள் தீபம் ஏற்றி நிற்கையில், "சனீஸ்வரன் உட்கார என் உடம்புல எவ்வளவோ இடமிருக்கு, அங்கனயா வந்து உட்காரணும்?" என்றேன். அவள் திட்டக்கூட இல்லை. இன்னொரு எள் தீபம் வாங்கி ஏற்றினாள்.

தேனியில் டாக்டர் ஸ்கேன் படத்தை வெகுநேரம் பார்த்தார். "விதையை எடுத்துரணும். இனியும் தள்ளிப் போடாதீங்க."

"ரெண்டையுமா சார்?" காயடித்த காளை ஒன்று என் கண்முன்னே அசைபோட்டபடி நடந்து போனது.

"ஒன்னுதான். என்ன கட்டின்னு எடுத்துப் பார்த்தாத்தான் தெரியும்."

"கட்டின்னா, எந்த மாதிரிக் கட்டி சார்?"

அவர் வெளியே இருந்த என் மனைவியை உள்ளே கூப்பிடச் சொன்னார்.

ஆபரேஷனுக்குப் புறப்பட்ட காலையில் பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் கம்பத்துத் திராட்சை வியாபாரி நின்றிருந்தார். பல வருஷமாக என் தோட்டத்துப் பழத்தை எடுக்கிற பாய். எனக்கு அவர் மாமா, அவருக்கு நான் மாப்ள.

"எங்க மாப்ள, பையும் கையுமா?"

"தேனிக்கு மாமா. விதை எடுக்க."

"பீட்ரூட் விதையா? எனக்கும் ரெண்டு பாக்கெட் எடுத்துட்டு வா."

"ஒன்னுதான் எடுக்குறாக."

"ஒத்த விதைக்கா தேனி வரைக்கும் பஸ் ஏறுற, கிறுக்குப் பயலே?"

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். பக்கத்தில் மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு மலைப்பக்கம் திரும்பினாள். அவர் அவளைப் பார்த்தார். பிறகு என் பையைப் பார்த்தார். பிளாஸ்க், போர்வை, தலையணை, ரெண்டு கைலி. விதை வாங்கப் போகிறவன் தலையணை எடுத்துப் போவானா?

டீ கிளாஸைக் கீழே வைத்தார். "ஏலே, நெசமாச் சொல்லு. எங்கன போற?"

சொன்னேன். அவர் எங்களுக்கு முன்னால் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தார். டிரைவருக்கே சோர்வு வரும்வரை பேசுகிற மனிதர். சின்னமனூர் தாண்டியும் வாய் திறக்கவில்லை. நானும் ஒரு வேடிக்கைப் பேச்சு தேடினேன், அகப்படவில்லை. மலையெல்லாம் கருத்துக்கொண்டு வந்தது. அப்போதுதான் செத்துப் போவேனோ என்று முதல்முறையாகத் தோன்றியது.

கவட்டையில் கீறி வலது விதையை எடுத்தார்கள். மதுரைக்கு அனுப்பிப் பார்த்ததில் புற்றுநோய் என்று வந்தது. வயிற்றுக்குள்ளும் கொஞ்சம் பரவியிருந்தது. மாதக்கணக்கில் ஊசிமருந்து ஏற்றினார்கள். பிழைத்துக்கொண்டேன்.