பட்டியலில் இல்லாத தைலம்மை

கயலு, தம்பி, அப்பா உங்களுக்கு இதுவரை ஒரு பேய்க்கதைகூடச் சொன்னதில்லை. பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் அதைப் பார்த்தேன் இதைப் பார்த்தேன் என்று வந்து நின்றால், போய்ப் படிங்கடா என்று விரட்டியவன் நான். இப்போதும் அந்த ஆள்தான். கம்ப்யூட்டர் படிக்கிற கயல் இதைப் பார்த்துச் சிரிப்பாள். சிரித்துக்கொள் அம்மா, ஆனால் முழுவதும் படித்துவிட்டுச் சிரி.

திருக்காட்டுப்பள்ளியில் நான் கணக்கு எழுதும் நெல் மண்டியை நீங்கள் பார்த்திருக்கிறீர்கள். அங்கே கணக்குக்கு ஒரு மென்பொருள் உண்டு. பேங்கில் பணம் போனதையும் வந்ததையும் அதுவே இழுத்துக் கொண்டுவந்து, நாம் ஏற்றி வைத்த பெயர்ப் பட்டியலில் தேடி, இது இன்னாருக்குப் போனது என்று பொருத்திப் பச்சை டிக் போடும். பட்டியலில் இல்லாத பெயரை அதனால் சொல்லவே முடியாது. இதை மட்டும் மறக்காதீர்கள்.

அது சம்பா அறுப்பு நேரம், மழை வேறு மிரட்டிக்கொண்டிருந்தது. விவசாயிகளின் பாஸ்புக்கை அறுவடை மெஷின் டிரைவர் வயலிலேயே படம் பிடித்து வாட்ஸப்பில் அனுப்பிவிடுவார், எல்லா மண்டிக்கும் அவர் போன்தான். ஒரு படத்தில் பாஸ்புக் நனைந்து பெயர் ஊறிப்போய், எண் மட்டும்தான் தெரிந்தது. கோவிந்தராசு அண்ணனுடையது என்று டிரைவர் சொன்னார். நான் அந்த எண்ணுக்கு நெல் பணத்தைப் போட்டேன். தொகை ஒத்துப்போனதால் மென்பொருளும் கோவிந்தராசு என்று டிக் போட்டுவிட்டது.

நாலைந்து நாள் கழித்து ஒரு மத்தியானம் கோவிந்தராசு அண்ணன் வந்து நின்றார். சட்டைப் பித்தான்கூட மாறிப் போட்டிருந்தார்.

"தம்பி, பணம் ஏறலைங்க. வீட்டுக்காரிய தஞ்சாவூர்ல ஆஸ்பத்திரில சேத்துருக்கேன். சாயங்காலத்துக்குள்ள கட்டுனாத்தான் ஆப்ரேசனுக்கு எடுப்பாங்களாம்."

முதலாளி திரையை எட்டிப் பார்த்தார். "போயிருக்குன்னு பச்சையா காட்டுதே. அவருக்குப் போகலைன்னா யாருக்குய்யா போச்சு, ஒன் வீட்டுக்கா? போனது வராம இன்னொருக்கா நான் குடுக்க முடியாது."

டிரைவர் மெஷினோடு வேறு ஜில்லாவுக்குப் போய்விட்டார், போன் எடுக்கவில்லை. பேங்கில் கேட்டால், அடுத்தவர் கணக்கின் பெயரைச் சொல்லக்கூடாது, எழுதிக் கொடுங்கள், பார்க்கிறோம் என்றார்கள். எனக்கு எதிரே விவசாயிகள் உட்காரும் நாற்காலியில் சாம்பிள் நெல் சாக்கு கிடந்தது, அதை எடுத்துப் போடக்கூட எனக்குத் தோன்றவில்லை. அண்ணன் தரையிலேயே உட்கார்ந்து மனைவியின் போனுக்கு, "இந்தா வந்துட்டேன், இந்தா வந்துட்டேன்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். நம் வீட்டில் நகை இருந்தால் அன்றைக்கே அடகு வைத்திருப்பேன், அதுதான் ஏற்கனவே அடகுக் கடையில் கிடந்ததே.

வேறு வழி தெரியாமல் அந்த டிக்கை எடுத்துவிட்டு, மறுபடி தேடு என்று அழுத்தினேன். நம்பினால் நம்புங்கள், இல்லாவிட்டால் விடுங்கள். 'தைலம்மை, எட்டாம் மதகு' என்று காட்டியது. காரணம் என்ற இடத்தில், 'நீங்கள் முன்பு உறுதி செய்த பெயர்' என்றிருந்தது. அப்படி ஒரு பெயரை நான் கேள்விப்பட்டதே இல்லை. பட்டியலில் தேடினேன், இல்லை. திரும்ப அழுத்தினேன், அதே தைலம்மை.

அண்ணனை வண்டியில் ஏற்றிக்கொண்டு வாய்க்கால் கரையோடு எட்டாம் மதகுக்குப் போனேன். போர்செட் பக்கம் வைக்கோல் கட்டிக்கொண்டிருந்த ஒருவரிடம், "தைலம்மைங்கிறவங்க வீடு எதுங்க?" என்றேன்.

அவர் கையில் இருந்த வைக்கோலை அப்படியே விட்டுவிட்டார்.

"எங்க ஆத்தாங்க அது. செத்து எத்தனையோ வருசமாச்சு. யாரு ஒங்ககிட்ட அந்தப் பேரச் சொன்னது? ஊரே அதப் பெரியாத்தான்னுதான் கூப்புடும். ரேசன் கார்டுலயே வேற பேரு."

அதை அப்புறம் சொல்கிறேன் என்று பணத்தைப் பற்றிக் கேட்டேன். அவர் போனைத் துழாவினார். பணம் ஏறிய செய்தி இருந்தது. "பயிர் இன்சூரன்ஸ் வந்துருச்சுன்னுல்ல நெனச்சேன்!" வேறு மண்டிக்கு நெல் போட டிரைவரிடம் அவர் கொடுத்திருந்த பாஸ்புக்தான் அந்த நனைந்த பாஸ்புக். எங்கள் மண்டிக்கு அவர் ஒரு மூட்டைகூடப் போட்டதில்லை, அவர் பெயரும் எங்களிடம் கிடையாது. அண்ணன் ஆஸ்பத்திரி விஷயத்தைச் சொன்னதும் இவர் முகமும் அண்ணன் முகம் போலவே ஆகிவிட்டது. "ஆத்தாவே கேட்டுவுட்ட மாதிரி இருக்கு, வாங்க" என்று அந்தக் கைலியோடேயே வண்டியில் ஏறினார். பேங்க் மூடுவதற்குள் பணம் கைமாறியது. அண்ணன் மனைவி இப்போது நன்றாக இருக்கிறார்.

நானே எப்போதோ தட்டி மறந்திருப்பேன் என்பீர்கள். நானும் அப்படித்தான் எனக்குச் சொல்லிக்கொண்டேன். ஆனால் அந்த அம்மாவின் மகனைத் தவிர யாருக்கும் தெரியாத பெயரை நான் எங்கிருந்து தட்டுவேன்?

போன வாரம் முதலாளி சாப்பிடப் போனபோது மண்டியில் நான் மட்டும் இருந்தேன். அந்த அம்மாவுக்கு நம் பட்டியலில் ஓர் இடம் இருக்கட்டுமே என்று பெயரை ஏற்றப் பார்த்தேன். மென்பொருள் ஏற்க மறுத்தது. 'இந்தப் பெயர் ஏற்கனவே உள்ளது.' மேலிருந்து கீழ் வரை தேடினேன். இல்லை.

பிறகு எழுந்துபோய், எதிர் நாற்காலியில் கிடந்த சாக்கை எடுத்துக் கீழே வைத்துவிட்டு, துண்டால் நாற்காலியைத் துடைத்தேன்.