பிளேடு மிதக்க வேண்டும்

ஹெல்மெட்டுகளுக்கும் கார் பாகங்களுக்கும் தண்ணீரில் முக்கி வண்ணம் ஏற்றுகிற பட்டறை அவளுடையது. தெருவுக்கே அவள் ‘தொட்டிக்காரி’. காலையில் வந்ததும் தொட்டி நீரின்மேல் ஒரு சவர பிளேடைப் படுக்கையாக வைத்துப் பார்ப்பாள். சுத்தமான தண்ணீருக்கு மேலே ஒரு தோல் உண்டு. மெல்லிய இரும்பாக இருந்தாலும் தாங்கிக்கொள்ளும். சோப்பு ஒரு சொட்டு கலந்திருந்தாலும் பிளேடு அடியில் போய்விடும், அன்றைய வேலையும் கூடவே போய்விடும்.

அவளுடைய அண்ணனுக்கு விபத்தில் ஒரு கால் போயிற்று. செயற்கைக் கால் வந்தும் மனிதர் வாசலைத் தாண்டவில்லை. “துணிக்கடை பொம்மைக் கால் மாதிரி இருக்கு. இதோட எவன் தெருவுல நடப்பான்?” கெஞ்சினாள், மிரட்டினாள், எதுவும் எடுபடவில்லை. அந்தக் காலின் மேலுறையில் புலிக்கோடு போட்டுத் தருகிறேன் என்றதும்தான் முகம் மாறியது. “புலின்னா சரி.” வண்டி பிடித்துப் பட்டறைக்கே வந்து உட்கார்ந்துவிட்டார்.

வந்துவிட்டாரே என்ற சந்தோஷத்தில் அவள் பிளேடை மறந்தாள். புலிக்கோடு அச்சிட்ட மெல்லிய ஏட்டை நீரில் விரித்து மருந்து தெளித்தாள். ஏடு கரைந்து கோடுகள் மட்டும் நீர்மேல் நிற்க வேண்டும். அவையோ ஓட்டை ஓட்டையாகப் பிய்ந்து ஓரத்துக்கு ஓடின.

“தொட்டியை யாரு கழுவுனது?”

கணவர் திருதிருவென்று விழித்தார். சுத்தம் பார்ப்பதில் அவரை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. “மச்சான் வர்றாரேன்னு... பாத்திர சோப்பு போட்டுத் தேய்ச்சேன். பளபளன்னு இருக்கட்டுமேன்னு.”

“விடும்மா, எனக்குக் குடுத்து வைக்கல” என்று அண்ணன் ஊன்றுகோலைத் தேடினார். இப்போது போனால் இனி வெளியே வரமாட்டார் என்பது அவளுக்குத் தெரியும். ஏட்டிலும் ஒரே ஒரு துண்டுதான் மீதி.

“உக்காருண்ணே. ஏங்க, நீங்க வாளியை எடுங்க.”

தொட்டியைக் காலி செய்தார்கள், அலசினார்கள், நிரப்பினார்கள். பிளேடு மூழ்கியது. கணவர் மறுபடி வாளியைத் தூக்கினார். அடுத்த முறையும் மூழ்கியது. அதற்கடுத்து வைத்த பிளேடு மிதந்து நின்றது. அவளுக்கு அழுகையே வந்துவிட்டது.

கடைசித் துண்டை விரித்தாள். மஞ்சள் பூசி வைத்திருந்த, உள்ளே கூடாக இருக்கும் மேலுறையைத் தண்ணீர் மேலே மேலே தள்ளும். அவசரப்பட்டால் அலை கிளம்பிக் கோடு கலையும். மூச்சைப் பிடித்து, ஒரே சீராக அமிழ்த்தி, கோடு இல்லாத பக்கமாகத் தூக்கினாள். மஞ்சள்மேல் கருங்கோடுகள் பிசகாமல் ஒட்டியிருந்தன. அப்பாடா என்று தொட்டி ஓரத்திலேயே சாய்ந்துகொண்டாள்.

வார்னிஷ் காய்கிறவரை அண்ணன் நிலைகொள்ளாமல் தவித்தார். மாட்டியதும் எழுந்தார், பேண்ட்டை முழங்கால்வரை தானே சுருட்டிவிட்டார்.

“வண்டியைக் கூப்பிடட்டுமா மச்சான்?” என்றார் கணவர்.

“எதுக்கு? நடந்தே போறேன். நாலு பேரு பார்க்கட்டும்.”